சின்னப் பிள்ளைகளோடு தேனீ நடவடிக்கைகள்: சிங்கப்பூர்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் தேனீ பற்றிய விளையாட்டு, கைவேலை, சிற்றுண்டி என்று நடத்தி வருகிறேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் வகுப்பிலும் செய்ய விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது? தேடினால் கைவேலைகளாக வந்து குவிகின்றன.

கத்தரிக்கோலையும் பசையையும் எடுப்பதற்கு முன்னால், பிள்ளைக்கு உயிருள்ள ஒரு தேனீயைக் காட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தேனீயைப் பார்க்காத பிள்ளை மஞ்சள் உருண்டையில் கறுப்புக் கோடு போட்டு, சிரிக்கும் வாய் ஒன்றை ஒட்டி, “முடிஞ்சிடுச்சு” என்று எழுந்துவிடும். பார்த்துவிட்டு வந்த பிள்ளை “கால்ல மஞ்சளா ஏதோ இருந்துச்சே, அதை எப்படிச் செய்யுறது?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இதற்காக எங்கேயும் தூரமாகப் போக வேண்டாம். உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் சமூகத் தோட்டம் இருந்தால் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் போய், துளசி அல்லது திருநீற்றுப்பச்சை பூத்திருக்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். கத்தரிச் செடி பூத்திருந்தால் அதுவும் நல்ல இடம். புல்தரையில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழ்களுமாக நிற்கும் வெட்டுக்காயப்பூண்டுக்கும் தேனீக்கள் வரும். வார இறுதி என்றால் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். அங்குள்ள ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் பிள்ளைகளுக்கென்றே அமைத்தது.

செடியிலிருந்து ஓரிரு அடி தள்ளி நில்லுங்கள். கையை வீசக்கூடாது, பூவை ஆட்டக்கூடாது. பிள்ளையிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: எந்தப் பூவுக்குப் போகிறது? எத்தனை எண்ணும்வரை அங்கே உட்காருகிறது? காலில் என்ன ஒட்டியிருக்கிறது? பத்து நிமிடம் போதும். அதற்குமேல் நிற்க வைத்தால் சலித்துப் போவார்கள்.

சிங்கப்பூரில் என்னென்ன தேனீக்கள் கண்ணில் படும்?

நிறைய. இந்தச் சின்னத் தீவில் 130க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகளுக்கு நாலைந்தைக் காட்டினால் போதும்.

தோட்டங்களில் அதிகம் தென்படுவது ஆசியத் தேனீ. நம் ஊர்களில் பெட்டியில் வளர்க்கிறார்களே, அதே இனம். மரப்பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் பல அடைகளாகக் கூடு கட்டும். மலைத்தேனீ உருவத்தில் பெரியது. உயரமான மரக்கிளையிலோ கட்டட விளிம்பிலோ ஒரே பெரிய அடையாகத் திறந்த வெளியில் கட்டும். சீண்டினால் கூட்டமாகத் துரத்தும் என்பதால் அதன் கூட்டை எட்ட நின்றுதான் காட்ட வேண்டும். கொசுத்தேனீ கிட்டத்தட்ட கொசு அளவுதான். கொட்டாது. மரத்திலோ சுவரிலோ பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது அதன் வாசல். மலாயில் கெலுலுட் என்பார்கள்.

பெரிதாகக் கறுப்பாக ‘ங்ங்ங்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவதை வண்டு என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் தச்சுத்தேனீ. காய்ந்த மரத்தைத் துளைத்துத் தனியாகக் கூடு அமைக்கும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நீலவரித் தேனீ. வயிற்றில் பளபளக்கும் நீலக் கோடுகள் கொண்டது. அதை ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளைகள் தேனீ என்றால் மஞ்சளும் கறுப்பும்தான் என்று அப்புறம் ஒத்துக்கொள்வதே இல்லை. நீலத் தாள் கேட்டு வாங்கி ஒட்டுவார்கள்.

பிள்ளைக்குப் பயம். எனக்கும் பயம். கொட்டிவிட்டால்?

பூவில் மேயும் தேனீ தன் வேலையைத்தான் பார்க்கும். நாம் கையால் அடித்தாலோ, மிதித்தாலோ, கூட்டுக்கு ஆபத்து என்று அது நினைத்தாலோதான் கொட்டும். செருப்போ ஷூவோ போட்டுப் போங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வந்து காலையில் தாழ்வாரத்தில் செத்துக் கிடக்கும் தேனீயைக்கூட வெறுங்கையால் எடுக்க விடாதீர்கள், கொடுக்கு அப்போதும் குத்தும்.

கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். நகத்தாலோ அட்டையாலோ சுரண்டியும் எடுக்கலாம், இழுத்தும் எடுக்கலாம். எப்படி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் தோலில் இருக்கும் வரை அது விஷத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பு தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிள்ளைகளின் தோலில் வேண்டாம், புண்ணாக்கிவிடும். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு வாங்கினால், உடம்பெங்கும் தடித்தால், வாந்தியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

பயம் தெளியாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கைவேலை எது?

கழிவறைத் தாள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாய்தான் உடம்பு. பழுப்போ மஞ்சளோ நீலமோ, பார்த்த தேனீயின் நிறத்தில் வண்ணம் பூசட்டும். கறுப்புத் தாளை நீளமாகக் கிழித்துக் கோடுகளாக ஒட்டலாம். கத்தரிக்கோலை இன்னும் சரியாகப் பிடிக்கத் தெரியாத விரல்களுக்குக் கிழிப்பது நல்ல பயிற்சி. இறக்கைக்குப் பழைய கண்ணாடித் தாள் உறை, உணர்கொம்புக்கு வளையும் பஞ்சுக் கம்பி.

இதில் நான் கவனிப்பது எண்ணிக்கையை. கால் ஆறு, இறக்கை நான்கு, உணர்கொம்பு இரண்டு, உடம்பு மூன்று பகுதி. கண்கள்? இரண்டு என்பார்கள். பக்கவாட்டில் இரண்டு பெரிய கண், தலை உச்சியில் மூன்று சின்னக் கண், ஆக ஐந்து. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கறுப்பு மணி மூன்றை எடுத்து நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். கடைசியாகப் பின்னங்கால் இரண்டிலும் ஆளுக்கொரு மஞ்சள் பஞ்சு உருண்டை. அதுதான் மகரந்தக் கூடை.

மூன்று வயதுக்காரர்களுக்கு இவ்வளவு வேண்டாம். கட்டைவிரலை மஞ்சள் வண்ணத்தில் தொட்டுத் தாளில் பதிக்கட்டும், காய்ந்ததும் பேனாவால் காலும் இறக்கையும் போடட்டும். மணி, பொத்தான் போன்ற சின்னப் பொருள்களை அந்த வயதில் மேசையிலேயே வைக்காதீர்கள்.

தேன்கூடு ஏன் அறுகோணம்? இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளக்க முடியுமா?

விளக்க வேண்டாம், கண்டுபிடிக்க விடுங்கள். அட்டைக் குழாய்களை இரண்டு விரல் அகலத்துக்கு வளையங்களாக வெட்டித் தாருங்கள். முதலில் வட்டமாகவே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒட்டச் சொல்லுங்கள். “நடுவுல ஓட்டை இருக்கு” என்று ஒருவர் சொல்வார். தேனீ அந்த ஓட்டையில் தேன் வைக்க முடியாது, இடம் வீண். அடுத்து, வளையத்தை ஆறு இடத்தில் மடித்துக் கொடுங்கள். மடிப்பது பெரியவர் வேலை, அடுக்குவது பிள்ளைகள் வேலை. இடைவெளியே இல்லாமல் சேர்ந்துவிடும்.

பாலர் வகுப்பு இரண்டில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை “சதுரமும்தான் ஓட்டை இல்லாம சேருது” என்று மடக்கும். மிகச் சரியான மறுப்பு அது, கைதட்டுங்கள். முக்கோணமும் சேரும். ஆனால் ஒரே அளவு இடத்துக்குச் சுவர் கட்ட அறுகோணத்துக்குத்தான் ஆகக் குறைவான மெழுகு செலவாகும். பழங்காலம் முதலே அறிஞர்கள் நம்பி வந்த இந்த உண்மைக்கு, முழுமையான கணித நிரூபணம் 1999ல்தான் கிடைத்தது. தாமஸ் ஹேல்ஸ் என்ற கணித அறிஞர் செய்தார். ஆறு வயதுப் பிள்ளையின் கேள்வி அவ்வளவு பெரியது என்று அதன் பெற்றோரிடம் நான் சொல்வதுண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தேனீயும் அறுகோணத்தில் தேன் சேமிப்பதில்லை. கொசுத்தேனீ சின்னச் சின்ன உருண்டைப் பானைகளாகச் செய்து அதில் நிரப்பும். களிமண் இருந்தால் அதையும் உருட்டிப் பார்க்கலாம்.

மகரந்தச் சேர்க்கையை எப்படிக் காட்டுவது?

மஞ்சள்தூள் போதும். தாளில் இரண்டு பெரிய பூ வரைந்து, ஒன்றின் நடுவில் சிட்டிகை மஞ்சள்தூள் வையுங்கள். பிள்ளை விரலில் பஞ்சு உருண்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு தேனீயாகப் பறந்து வந்து முதல் பூவில் உட்காரும், அப்புறம் இரண்டாவது பூவுக்குப் போகும். அங்கே மஞ்சள் தடம் விழும். “நான் ஒன்னும் கொண்டு போகலையே, எப்படி வந்துச்சு?” என்று ஆச்சரியப்படுவார்கள். தேனீயும் அப்படித்தான், தேன் குடிக்கப் போன இடத்தில் உடம்பில் ஒட்டியதை அடுத்த பூவில் விட்டுவிட்டு வருகிறது. பள்ளிச் சீருடையோடு இதைச் செய்ய வேண்டாம், மஞ்சள் கறை போகாது.

கூடவே ஒரு கத்தரிக்காயையும் தக்காளியையும் மேசையில் வையுங்கள். இவற்றின் பூவில் மகரந்தம் ஒரு சின்னக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். நீலவரித் தேனீயும் தச்சுத்தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து அதை உதிர்க்கும். பிள்ளைகள் உதட்டை மூடி “ம்ம்ம்” என்று ரீங்காரம் இட்டுக்கொண்டே தாள் பூவை உலுக்கட்டும். இன்றைய சாம்பாரில் இருக்கும் கத்தரிக்காய்க்கு இந்த ரீங்காரத்தோடு தொடர்பு உண்டு என்று சொல்லுங்கள். சாப்பிடும்போது அவர்களே நினைவுபடுத்துவார்கள்.

ஓடி ஆடும் விளையாட்டு ஏதாவது?

தேனீ நடனம். பூ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த தேனீ கூட்டுக்குத் திரும்பி, எட்டு வடிவில் சுற்றி, நடுக்கோட்டில் வயிற்றை ஆட்டிக்கொண்டே ஓடும். ஓடும் திசை, சூரியனை வைத்துப் பார்த்தால் பூ எந்தப் பக்கம் என்று சொல்லும். ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு தூரத்தில் பூ இருக்கிறது என்று அர்த்தம். இதைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973ல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு தாள் பூவை ஒளித்து வையுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் இடம் தெரியும். வாயைத் திறக்காமல் இடுப்பை ஆட்டி, திசையைக் காட்டி ஓட வேண்டும். கொஞ்சம் ஆட்டினால் பக்கம், நிறைய ஆட்டினால் தூரம். மற்றவர்கள் தேட வேண்டும். சூரியக் கணக்கெல்லாம் இந்த வயதுக்கு வேண்டியதில்லை.

வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறோம். தமிழில் எப்படி நடத்துவது?

கை வேலையில் இருக்கும்போது மொழி எளிதாக உள்ளே போகும். வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் வேண்டாம். செய்கிற காரியத்தைப் பேச்சுத்தமிழில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: “இங்க மடி”, “மெதுவா ஒட்டு”, “இன்னும் ரெண்டு கால் வேணும்”, “எங்க பறந்து போச்சு?” பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்த வேண்டாம். அதே பதிலை நீங்கள் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களை உட்கார வைத்துவிடுங்கள். கிராமத்தில் தேனடை எடுத்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள் என்றால் நமக்கு வேலையே இல்லை. வட்டார நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன, தேனீயோ பூச்சியோ வரும் படக்கதை ஒன்றை எடுத்து வந்து படுக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

என்ன சிற்றுண்டி செய்யலாம்? வகுப்பில் எல்லா இனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பள்ளி என்றால் முதலில் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல பாலர் பள்ளிகளில் கடலை, பாதாம், முந்திரி எதுவும் கொண்டுவர அனுமதியில்லை. ஹலால் முறைப்படி இருக்க வேண்டும், சைவப் பிள்ளைகளும் இருப்பார்கள். மார்ஷ்மெலோ, கடையில் வாங்கும் ஜெல்லி மிட்டாய் பலவற்றில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. அதற்குப் பதில் அகர் அகர் கிண்டுங்கள். கடற்பாசியில் செய்தது, எல்லாருக்கும் ஆகும். மாம்பழச் சாறு ஊற்றி அறுகோண அச்சில் உறைய வைத்தால் தேனடை மாதிரியே இருக்கும்.

எங்கள் கூட்டங்களில் சட்டென்று தீர்ந்து போவது இட்லித் தேனீ. மாவில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து குட்டி இட்லியாக வார்த்து எடுங்கள். ஆறியதும் உப்பில்லாத கடற்பாசித் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி ஈரக் கையால் குறுக்கே ஒட்டினால் கறுப்புக் கோடு. வெள்ளரிக்காயை மெல்லிய வட்டமாகச் சீவி இறக்கை. கறுப்பு எள் இரண்டு வைத்தால் கண். ஒட்டுவது முழுக்கப் பிள்ளைகள் வேலை, சூடு ஆறிய பிறகு தருவதுதான் உங்கள் வேலை.

கேசரியும் உண்டு. ஒரு கப் ரவைக்கு இரண்டரைக் கப் தண்ணீர், முக்கால் கப் சர்க்கரை. கொஞ்சம் இறுக்கமாகக் கிளறி, நெய் தடவிய தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, ஆறவிட்டு அறுகோண பிஸ்கட் அச்சால் வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதைத் தட்டில் அடுக்கும்போது மேலே சொன்ன அட்டைக் குழாய்ப் பாடம் தானாக நினைவுக்கு வரும். அவசரம் என்றால் ரொட்டியில் கயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவி, உலர்திராட்சையை வரிசையாக வைத்துவிடலாம். கயாவில் முட்டை இருக்கிறது, சைவப் பிள்ளைக்கு வாழைப்பழம் மசித்துத் தடவுங்கள். தீபாவளி சமயத்தில் தேக்காவில் அச்சு முறுக்கு வாங்கினால் அதன் ஓட்டைகளைக் காட்டியே தேன்கூட்டைப் பற்றிப் பேசலாம். சீனப் புத்தாண்டுக்கு நம் அண்டை வீட்டாரும் கிட்டத்தட்ட அதையே செய்கிறார்கள்.

முழுத் திராட்சைப் பழம் தொண்டையில் சிக்கும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் தர வேண்டும்.

தேன் கொடுக்கலாமா?

ஒரு வயது முடியாத குழந்தைக்குக் கூடவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை ஒன்றும் செய்யாது. பச்சைக்குழந்தையின் குடலிலோ வளர்ந்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும், மூச்சே நின்றுபோகும் அபாயம் உண்டு. சூடாக்கினாலும், பலகாரத்தில் கலந்தாலும் அந்த வித்துகள் சாகாது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது தேன் தொட்டு வைக்கிறார்கள் நம் குடும்பங்களில். பெரியவர்கள் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லுங்கள். மூத்த பிள்ளையின் தேனீ விருந்தில் தங்கைப் பாப்பாவும் இருந்தால் தேன் கிண்ணத்தைக் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒரு வயதுக்கு மேல் அளவாகத் தரலாம். வகுப்பில் நான் விரும்பிச் செய்வது இது: ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்ப்பது சுமார் ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக வந்து, மருந்துச் சொட்டானால் ஆளுக்கு 0.4 மில்லிலிட்டர் மஞ்சள் நிறத் தண்ணீரை ஒரே கரண்டியில் விட வேண்டும். பன்னிரண்டாவது பிள்ளை விட்டதும் கரண்டி நிரம்பும். அதற்குப் பிறகு ரொட்டியில் தேன் வாங்கும்போது ஒருவரும் மிச்சம் வைப்பதில்லை.

தாழ்வாரத்தில் தேனீக்களுக்குத் தண்ணீர்த் தட்டு வைக்கலாமா?

வேண்டாம். வெளிநாட்டு நடவடிக்கைக் குறிப்புகளில் கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு தவறாமல் வரும். இங்கே தேங்கிய நீர் என்றால் ஏடிஸ் கொசு, டெங்கி. ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். தேனீக்கு உதவ வேண்டுமென்றால் பூச்செடி வையுங்கள். துளசியும் திருநீற்றுப்பச்சையும் தொட்டியில் நன்றாக வரும், கிள்ளாமல் பூக்க விடுங்கள். தொட்டிக்குக் கீழே தட்டில் நீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

புளோக்கிலேயே தேன்கூடு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

தூரத்திலிருந்து மட்டும். கல் எறிவது, தண்ணீர் பீய்ச்சுவது, புகை போடுவது எதுவும் கூடாது. கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டம் சில நேரம் இடம் மாறும் வழியில் இளைப்பாறுவதாக இருக்கும், ஓரிரு நாளில் தானே போய்விடும். நடமாட்டம் உள்ள இடம், தாழ்வான கூடு என்றால் நகர மன்றத்திடமோ தேசியப் பூங்காக் கழகத்திடமோ சொல்லுங்கள், ஒன்சர்வீஸ் செயலியிலும் தெரிவிக்கலாம்.

“ராத்திரி தேனீ எங்க தூங்கும்?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

தேனீக்கள் உண்மையாகவே தூங்கும். கூட்டில் வாழ்பவை கூட்டுக்குள்ளேயே தூங்கும், உணர்கொம்பு தொய்ந்து தொங்கும். நீலவரித் தேனீயின் ஆண்களுக்குக் கூடு கிடையாது. மாலையில் ஒரு மெல்லிய குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு அப்படியே தொங்கித் தூங்கும், பல ஒரே குச்சியில் வரிசையாக. இப்படி ஒரு கேள்வி வந்தால் உடனே ஒரு காய்ந்த குச்சியும் துணி மாட்டும் கிளிப்பும் தேடுங்கள். கிளிப்பின் வாய்தான் தாடை. நீலத் தாள் சுற்றிக் கண் ஒட்டினால் குச்சியைக் கவ்வி நிற்கும். ஆறு காலும் நான்கு இறக்கையும் இதற்கும் உண்டு.

எப்போது நடத்துவது நல்லது?

மே 20 உலகத் தேனீ நாள். ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2017ல் அறிவித்தது, 2018லிருந்து கொண்டாடப்படுகிறது. தேனீ வளர்ப்பின் முன்னோடியான ஸ்லோவேனியாவின் அன்டோன் யான்ஷாவை நினைவுகூரும் நாள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா சமயத்தில் வைத்தால் சமூக மன்றத்தில் ஆட்கள் சேர்ப்பது சுலபம். மழை அதிகமான நவம்பர், டிசம்பரில் தோட்டத்துக்குப் போகும் பகுதி அடிக்கடி தள்ளிப்போகும், அதனால் அந்த மாதங்களை நான் தவிர்க்கிறேன்.